சத்தம் போன வண்டி

"சார், வண்டி செத்துப்போச்சு."

முனிராஜ் இதைச் சொன்னபோது அந்த வண்டி அவனுக்குப் பின்னால் உயிரோடுதான் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாயின் வாய்க்கு நேராகக் கையை நீட்டினால் சுடுகாற்று தப்தப்பென்று உள்ளங்கையில் அடித்தது. சத்தம் மட்டும், பக்கத்து வீட்டில் யாரோ கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருமுவதுபோல இருந்தது.

தளி சாலையில், தண்ணீர் இல்லாத ஓர் ஏரிக்குள் நின்றிருந்தோம். காலைக் குளிர் இன்னும் போகவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் தோட்டம். வெட்டிப்போட்ட மேலிலைகள் அழுகும் வாசனை பெட்ரோல் வாசனையோடு கலந்து வந்தது. பாஷா பாய் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை அப்படியே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

"சத்தம் போச்சுன்னா சத்துப் போச்சுன்னு அன்னிக்கே சொன்னேனே சார். கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. சத்தத்தைப் போக்குவதற்காகத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வாயடைக்கும் உத்தியோகம்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். ஓசூர் சிப்காட்டில், மோட்டார் சைக்கிளுக்கு சைலன்சர் செய்துகொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் பொறியாளன். பெரிய கம்பெனிகள் வண்டி செய்யும். நாங்கள் அதன் வாயை அடைப்போம்.

இந்த வேலைக்கு நான் எவ்வளவு பொருத்தமானவன் என்பதற்கு ஒரு சான்று. நான் தெற்கே கரிசல் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் பேச்சு என்றால் அடுத்த தெருவுக்கும் கேட்க வேண்டும். ஓசூருக்கு வந்து குடியேறிய முதல் மாதம், மாடிக்கு வந்த வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா ரெண்டு பக்கமும் விட்டுக் கொடுக்கணும் சார்" என்று சமாதானம் சொன்னார். அப்போது நானும் என் மனைவியும் கத்தரிக்காயா அவரைக்காயா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு வேடிக்கை. நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு குறைத்த சத்தத்தை, வண்டி வாங்கிய பையன்கள் நேரே பாகலூர் சாலைக்குக் கொண்டுபோய், சைலன்சரில் நாலு ஓட்டை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஓட்டை போடுவதில் ராசியான கை என்று பெயர் எடுத்தவர் பாஷா பாய். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால் அவருடைய தகரக் கொட்டகை. அவரும் நானும் ஒரே பொருளை வைத்துத்தான் பிழைத்தோம், எதிர்த் திசையில். ஆகவே நல்ல நண்பர்கள்.

முனிராஜ் எங்கள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. தளிக்கு அப்பால் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். மூன்றிலும் குறைவாகத்தான் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்காவது மண் மைதானத்தில் பைக் பந்தயம் ஓட்டுவான். வண்டியைத் தயார் செய்து கொடுப்பது பாஷா பாய். திங்கட்கிழமை முனிராஜ் நொண்டாமல் வந்தால் ஜெயித்திருக்கிறான் என்று அர்த்தம்.

கேட்டில் நின்ற மீட்டர்

எங்கள் பகுதியில் இருந்த ஒரு வண்டிக் கம்பெனி தன் பந்தய அணிக்கு இரண்டு பேரைப் புதிதாக எடுப்பதாக அறிவித்தது. சொந்த வண்டியில் வரலாம். கம்பெனியின் சோதனைப் பாதையில் ஓட்டிக் காட்டவேண்டும். தேறினால் பிரஸ்ஸில் தகடு தள்ள வேண்டாம். வண்டி ஓட்டுவதே வேலை, அதற்கே சம்பளம். முனிராஜுக்கு முப்பதை ஒட்டிய வயது. "அடுத்த தடவ எடுக்கறப்ப என்னைய உள்ளயே வுடமாட்டாங்க சார், வயசாயிடும்" என்று அவனே சொன்னான். அவன் ஒரே மூச்சில் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான்.

ஆனால் கேட்டிலேயே மாட்டிக்கொண்டான். சோதனைப் பாதையின் மதிலுக்கு வெளியே புதிதாக ஒரு குடியிருப்பு வந்திருந்தது. அங்கே இருந்தவர்கள் மனு மேல் மனுவாகப் போட்டிருந்தார்கள். அதனால் உள்ளே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் சத்தம் அளந்தார்கள். ஒருவர் புகைக்குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி, சாய்வாக ஒரு மீட்டரைப் பிடித்துக்கொள்வார். வண்டியை நிறுத்திவைத்தபடியே ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும். எல்லைக்குள் இருந்தால் உள்ளே.

முனிராஜ் முறுக்கியபோது அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லையாம். "இது பைப்பா, பீரங்கியா?" என்று கேட்டுவிட்டு, "வர்ற சனிக்கிழமை கடைசி. கொறச்சுட்டு வந்தா பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை கேன்டீனில் என் தட்டுக்கு எதிரே வந்து நின்றான். நொண்டவில்லை. முகம்தான் நொண்டியது.

"சார், நீங்கதானே சைலன்சர்?"

என்னை யாரும் அவ்வளவு சுருக்கமாக வர்ணித்ததில்லை.

புகைக்கு நேர்வழி

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். போன வாரம் என் முதல் ஸ்கூட்டரைப் பற்றி எழுதியதற்கு, "கதையைவிட ரிப்பேர் அதிகம்" என்று ஒரு வாசகர் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். அவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். போகமாட்டார் என்று நம்புகிறேன், விஷயம் சுவையானது.

இன்ஜின் சத்தம் என்பது ஒற்றைச் சத்தம் அல்ல. உள்ளே ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு வாய்ப் புகை வால்வைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது. பந்தய வேகத்தில் அப்படி ஒரு நொடிக்குள் எண்பது, தொண்ணூறு தடவை பாயும். தனித்தனி அடி, ஆனால் காதுக்கு ஒரே அலறலாகக் கேட்கும்.

அந்த ஒவ்வோர் அடியும் குழாயின் வாய்வரை ஓடுகிறது. வாயை எட்டியதும் அதில் ஒரு பங்கு, எதையோ மறந்துவிட்டவனைப்போல இன்ஜினை நோக்கித் திரும்பி ஓடி வருகிறது. சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தால், அடுத்து வெளியேற வேண்டிய புகையையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். தப்பான நேரத்துக்கு வந்தால் வாசலில் நின்று வழி மறிக்கும். விருந்தினர்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. பந்தய வண்டியில் குழாயின் நீளத்தை மயிரிழை பார்த்து வெட்டுவது இதற்காகத்தான். பாஷா பாய் ரம்பத்தால் அறுத்து, ஓட்டி, மறுபடி அறுத்துக் கண்டுபிடித்த நீளம் அது. அதில் கைவைக்கக்கூடாது என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை.

சாதாரண சைலன்சர் ஓர் அரசு அலுவலகம். உள்ளே அறை அறையாக இருக்கும். புகை ஓர் அறையில் நுழைந்து, திருப்பி அனுப்பப்பட்டு, இன்னோர் அறைக்குப் போய், கடைசியில் வெளியே வரும்போது கத்துவதற்குத் தெம்பிருக்காது. வேலைக்குப் போகிற வண்டிக்கு அது போதும். பந்தய இன்ஜினுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அதற்கு வேறு வழி இருக்கிறது. உடம்பெல்லாம் துளை போட்ட ஒரு நேரான குழாய். அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. அதன்மேல் ஓர் உறை. புகைக்கு நேர்வழி, தடை இல்லை. சத்தம் மட்டும் துளை வழியே எட்டிப் பார்த்து, பஞ்சுக்குள் சிக்கி, அங்கேயே சூடாகிச் செத்துப்போகும்.

எவ்வளவு பஞ்சு வேண்டும் என்பதில்தான் சிக்கல். சத்தத்தின் கணக்கு நம் கணக்கு அல்ல. இரண்டு வண்டி சேர்ந்து அலறினால் மீட்டர் இரட்டிப்பாகாது, கொஞ்சம்தான் நகரும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. எட்டுப் பேர் கத்தும் கூடத்தில் ஒன்பதாவது ஆள் சேர்ந்துகொண்டால் யாருக்குத் தெரியும்? அதேபோல ஒருவரை அடக்கினாலும் தெரியாது. காதுக்குப் 'பாதியாகக் குறைந்தது' என்று தோன்ற வேண்டுமானால் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கியாக வேண்டும்.

விழுங்க வைத்தோம். எங்கள் கம்பெனியில் வீணாகிப்போன இரண்டு சைலன்சர் உறைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஒன்றோடொன்று ஒட்டவைத்தோம். வண்டி ஏதோ சமையல் எரிவாயு விநியோகத்துக்குப் புறப்பட்டதுபோல ஆயிற்று. பஞ்சு அடைத்தது நான். கண்ணாடிப் பஞ்சைக் கையால் தொட்டவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. தொடாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. முழங்கை வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத முட்கள். இரண்டு நாள் நான் சொறிந்துகொண்டே சாப்பிட்டேன். சொறிந்துகொண்டே மேலதிகாரிகளின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பதற்றத்தில் இருக்கிறேன் என்று நினைத்து ஒருவர் எனக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தார்.

எங்கள் கம்பெனியின் சத்தம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தோம். சத்தம் எல்லைக்குள் வந்துவிட்டது. பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றிச் சக்தி அளக்கும் மேடை ஒன்று எங்களிடம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் வண்டியை அதில் ஏற்றினோம். பழைய குழாயில் எவ்வளவோ, புது சைலன்சரிலும் ஏறக்குறைய அவ்வளவே. குறைந்தது கொசு கடித்த அளவுகூட இல்லை.

அந்தப் பெருமையோடுதான் வியாழக்கிழமை காலை ஏரிக்குப் போனேன். அங்கேதான் வண்டி செத்துப்போனது.

மூன்று விசில்

சக்தி அதே என்கிறது மேடை. ஒவ்வொரு சுற்றுக்கும் விநாடிக் கணக்கில் பிந்துகிறான் என்கிறது ஸ்டாப்வாட்ச். செத்துப்போச்சு என்கிறான் ஓட்டுகிறவன். மூவரில் யாரோ ஒருவர் பொய் சொல்ல வேண்டும். மேடைக்கும் கடிகாரத்துக்கும் பொய் சொல்லத் தெரியாது. முனிராஜ் பேசுவதே அபூர்வம், பொய்க்கு எங்கே போவான்?

அன்று மாலை தொழிற்சாலையின் சோதனை அறையில் வேறொரு வண்டி காதைப் பிளந்துகொண்டிருந்ததால் காதில் பஞ்சு வைத்திருந்தேன். எடுக்க மறந்து அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். உலகம் மிக நாகரிகமாக இருந்தது. மனைவி வாயசைத்து எதையோ சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். நானும் கணவர்களுக்கே உரிய முறையில் தலையாட்டினேன்.

அவள் திரும்பி வந்தபோது வீட்டில் தீய்ந்த வாசனை.

"மூணு விசில் வந்ததும் அடுப்ப அமத்துங்கன்னு சொன்னேன்ல?"

"விசில் வந்துச்சா?"

"வந்துச்சாவா? கீழ்வீட்டு அம்மா வந்து கதவத் தட்டிட்டுப் போயிருக்காங்க. என்னத்தக் காதுல வச்சிருக்கீங்க?"

பருப்பு குக்கரின் அடியில் கறுப்பாகக் குடியேறியிருந்தது. அவள் கரண்டியால் சுரண்டிக்கொண்டே, "இதுக்குள்ள எட்டிப் பாக்கவா முடியும்? காத வச்சுத்தான சமைக்கிறோம்" என்றாள்.

காதை வைத்துத்தான் சமைக்கிறோம். நான் காதிலிருந்து பஞ்சை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அதை வேற பாத்துக்கிட்டு நிக்கீக" என்றாள்.

எடையைக் குறைப்பதற்காக முனிராஜின் வண்டியில் மீட்டர்களை எல்லாம் கழற்றிப் போட்டிருந்தார் பாஷா பாய். இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட ஒரு முள்கூட இல்லை. எப்போது கியர் மாற்றுவது என்று முனிராஜுக்கு எது சொல்லும்?

பிணத்துக்கு வைக்கும் பஞ்சு

மறுநாள் விடிந்ததும் மூவரும் மறுபடி ஏரியில் இருந்தோம். புது சைலன்சரைக் கழற்றி, பழைய பீரங்கியை மாட்டச் சொன்னேன். பாஷா பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தார். அப்புறம் நான் சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துத் தேங்காய் எண்ணெயில் தோய்த்தேன்.

"முனிராஜு, காதக் காட்டு."

"என்னா சார் இது, பொணத்துக்கு வெக்கிற மாதிரி..."

"மூக்குல வெச்சாதான்டா பொணம்," என்றார் பாஷா பாய். "காதுல வெச்சா காது வலி. சார் சொல்றாரு, காட்டுடா."

பழைய குழாய். பழைய அலறல். கரையில் உட்கார்ந்திருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து போயின. முனிராஜ் சுற்றினான். பாஷா பாய் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், அதைக் காதில் வைத்துக் குலுக்கினார், மறுபடி பார்த்தார். நேற்று பிந்திய அளவுக்கே இன்றும் பிந்தியிருந்தான்.

வந்து இறங்கிய முனிராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகத்தில் பெரிய துக்கம்.

"இந்தப் பைப்பும் செத்துப்போச்சு சார்!"

நான் கைதட்டிச் சிரித்தேன். ஒருவனுடைய துக்கத்தில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இன்ஜின் சாகவில்லை. அவன் காதுக்குத்தான் தகவல் போகவில்லை. தகவல் இல்லாதவன் என்ன செய்வான்? பயந்து சீக்கிரமே கியரை மாற்றிவிடுகிறான். இன்ஜினின் முழு பலமும் வருவதற்கு முன்பே அதை அடுத்த படிக்கு ஏற்றிவிடுகிறான்.

இதை விளக்கியதும் முனிராஜ் காதிலிருந்து எடுத்த பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அப்ப நான்தான் ரிப்பேரா சார்?" என்றான்.

"ரிப்பேர் இல்லப்பா. ஒயர் கட் ஆயிருக்கு."

முள் காட்டும் மீட்டரைத் திரும்பப் பொருத்தினால் தீர்ந்தது என்றேன். படித்தவன் யோசனை. பாஷா பாய் புது சைலன்சரைத் திரும்ப மாட்டி, ஒரு மீட்டரைக் கொண்டுவந்து கட்டினார். முனிராஜ் கிளம்பினான். முதல் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய் ஏரிக்கரை மேல் பாதி தூரம் ஏறி நின்றான்.

"முள்ளப் பாத்தேன் சார்," என்றான், வாயில் புகுந்த மண்ணைத் துப்பியபடி. "கரையப் பாக்கல."

மீட்டரைக் கழற்றினோம். மறுநாள் சனிக்கிழமை.

மூச்சு வாங்கும் பெட்டி

வழியைக் கண்டது பாஷா பாய். கண்டது என்பதைவிட, கோபத்தில் உளறியது என்று சொல்வதே சரி. "பின்னாடி வாயத்தான் கட்டியாச்சு, முன்னாடி மூக்கையாவது வுடுங்க சார்" என்றார்.

வண்டி புகையை விடுவது மட்டுமல்ல, காற்றையும் இழுக்கிறது. சீட்டுக்கு அடியில் காற்று வடிகட்டும் பெட்டி ஒன்று இருக்கும். அந்த மூச்சிழுப்புக்கும் ஒரு சத்தம் உண்டு. பெட்டியின் மூடி அதை அமுக்கி வைத்திருக்கிறது. மூடியைக் கழற்றினால் அந்த உறுமல் ஓட்டுகிறவனின் தொடைகளுக்கு நடுவிலிருந்து நேரே அவன் காதுக்கு எழும்பும். ஊருக்கு அவ்வளவாகப் போகாது. புகைக்குழாய் வேட்டு என்றால் இது தும்மல். இன்னொன்றும் உண்டு. நிறுத்திவைத்து முறுக்கும்போது இன்ஜினுக்குச் சுமை கிடையாது, காற்றுக் கதவு லேசாகத்தான் திறக்கும். மூச்சுச் சத்தம் பெரிதாக வராது. ஓடும்போதுதான் உறுமும்.

மூடியைக் கழற்றினால் காற்று அதிகம் போகும், பெட்ரோல் போதாமல் போகும். அன்று மாலை முழுவதும் பாஷா பாய் கார்புரேட்டரைப் பிரிப்பதும், உள்ளே பெட்ரோலை அளந்துவிடும் சின்னப் பித்தளை ஜெட்டை மாற்றுவதும், ஒரு சுற்று ஓட்டச் சொல்லி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுமாக இருந்தார். வெள்ளையாக இருந்தால் பசி, கறுப்பாக இருந்தால் அஜீரணம், பிஸ்கட் நிறம் வந்தால் சரி. இருட்டுவதற்குள் பிஸ்கட் நிறம் வந்துவிட்டது.

முனிராஜ் கடைசியாக ஒரு சுற்று போய் வந்தான். இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே சிரித்தான்.

"பேசுது சார்."

ஸ்டாப்வாட்சும் அதையே சொன்னது.

கடன் வாங்கிய தலை

சனிக்கிழமை கேட்டில் மீட்டர்க்காரர் எங்கள் எரிவாயு உருளையைப் பார்த்துச் சிரித்தார். அளந்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தார். "போங்க" என்றார்.

உள்ளே போனதும் அணிக்காரர்கள் ஒரு மேஜைமேல் ஹெல்மெட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். புத்தம் புதியவை. எல்லோரும் இதைத்தான் அணிய வேண்டும், பாதுகாப்பு விதி. முனிராஜின் பழைய ஹெல்மெட்டில் உள்பஞ்சு தேய்ந்து காற்றும் சத்தமும் தாராளமாக வந்துபோகும். அங்கிருந்த ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்து, "இது ஹெல்மெட்டா, வடசட்டியா?" என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டார்.

புது ஹெல்மெட் அவன் தலையை அப்படியே விழுங்கியது. கன்னம் இரண்டும் பிதுங்கின. பாஷா பாய் அதன்மேல் விரலால் தட்டி, "கேக்குதாடா?" என்றார்.

முனிராஜ் எங்களைப் பார்த்தான். கண்கள் மட்டும் தெரிந்தன. கேட்கவில்லை என்பது அவற்றில் தெரிந்தது.

"சார்," என்றார் பாஷா பாய் என் பக்கம் திரும்பாமலே, "தலைக்கே பஞ்சு வெச்சுட்டானுங்க சார்."

நான் அணியின் மேனேஜரிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். பெங்களூர்க்காரர், மெலிந்தவர், சிரித்தறியாத முகம். என் குரலைக் கேட்டதும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "ரூல் அந்த்ரே ரூல், சார்" என்று, விதி என்றால் விதிதான் என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்துக்கொண்டார்.

ஆளுக்கு ஐந்து சுற்று. முனிராஜின் முதல் சுற்று எங்கள் வியாழக்கிழமையைப் போலவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. கம்பி வேலிக்கு வெளியே நின்ற பாஷா பாய் அந்த மெல்லிய இருமலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே, "சீக்கிரம் மாத்தறான்... சீக்கிரம் மாத்தறான்... வுட்டுட்டான் சார்" என்று புலம்பினார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது சுற்றில் என்னவோ மாறியது. நேர்ப்பாதையில் இழுத்தான், இன்னும் இழுத்தான், சரியான இடத்தில் மாற்றினான். பாஷா பாய் புலம்பலைப் பாதியில் நிறுத்தினார். நான்காவது சுற்று அதைவிடப் பிரமாதம். ஆனால் வண்டி எங்களைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் இருமலோடு வேறொரு சத்தமும் கேட்டது. தூரத்தில் யாரோ ஆட்டு மந்தையை விரட்டுவது போன்ற நீண்ட, கரகரத்த ஓர் ஊளை.

"பேரிங் போகுதா பாய்?"

"செயினு சார். செயினாத்தான் இருக்கும். அல்லாவே, இன்னும் ஒரு சுத்து தாங்கட்டும்."

தாங்கியது. முனிராஜ் வந்து நின்றான். பாஷா பாய் ஓடிப்போய்ச் செயினைப் பிடித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. பின்சக்கரத்தைச் சுழற்றினார். சத்தமே இல்லை.

மேனேஜர் அட்டையில் குறித்திருந்ததைப் பார்த்தபடி வந்தார். "ஏனப்பா, மொதல் ரெண்டு சுத்து வேற ஆளு ஓட்டினானா? தேர்டுலேர்ந்து என்ன ஆச்சு?"

முனிராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. வாயைத் திறந்ததும் உப்புத்தாளில் தேய்த்த குரல் வந்தது.

"காதுக்கு ஒண்ணும் வர்ல சார். அதனால நானே போட்டேன்."

"என்ன போட்டே?"

"சத்தம்."

ஹெல்மெட்டுக்குள் இன்ஜினாக அவனே கத்தியிருக்கிறான். டேங்கை அழுத்திப் பிடித்திருந்த முட்டியில் அதிர்வு ஏற ஏற, இவனும் குரலை ஏற்றியிருக்கிறான். "தொண்ட எங்க கிழியுதோ அங்க கியரு சார்." வாசகர்கள் வேண்டுமானால் இரண்டு காதையும் இறுக அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். ஊர்ச் சத்தம் குறையும். உங்கள் சத்தம் மண்டைக்குள் இரண்டு மடங்காக முழங்கும். அந்தக் கெட்டி ஹெல்மெட்டே அவனுக்கு உதவியிருக்கிறது.

சுற்றி நின்ற மற்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

"போட்டுக் காட்டு."

முனிராஜ் என்னைப் பார்த்தான், பாஷா பாயைப் பார்த்தான். வெட்கத்தில் காது சிவந்தது. பிறகு கண்ணை மூடி, இல்லாத ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடங்கினான். உறுமினான், ஏறினான், கிழிந்தான், கியர் மாற்றினான். திருப்பத்துக்கு உடம்பைச் சாய்த்தான். ஓரிடத்தில் குரல் திடீரென்று இரண்டு தடவை குலுங்கியது.

"நில்லு," என்றார் மேனேஜர். "அது என்ன?"

"மேடு சார். ரெண்டாவது திருப்பம் தாண்டி. தார் உப்பிக்கினு இருக்குது."

சிரித்தவர்களில் ஒரு பெங்களூர்ப் பையன் சிரிப்பை நிறுத்தினான். "ஏ, உப்பினது கரெக்ட். ஆனா தேர்டு அவ்ளோ இழுக்காதுப்பா," என்று சொல்லி, தன் வண்டியின் மூன்றாவது கியரை வாயாலேயே போட்டுக் காட்டினான். பக்கத்தில் இருந்தவன், "அது ஒன் வண்டி, என்து இப்படி" என்று தன்னுடையதை முறுக்கினான். வெட்ட வெளியில், தோல் உடுப்புப் போட்ட ஐந்தாறு ஆண்பிள்ளைகள் வட்டமாக நின்று ர்ர்ர்ரென்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூட, 'இது எனக்குப் புதுசு' என்று சொல்லவில்லை.

மேனேஜர் அட்டையில் ஏதோ எழுதினார். "முனிராஜு, திங்கக்கிழமை எட்டு மணிக்கு வா. தொண்டைய சரி பண்ணிக்கிட்டு வா. நீ ஓட்டினது எனக்கு இன்னொரு தடவ பூரா கேக்கணும்."

முனிராஜ் 'சரி சார்' என்று சொல்ல வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றான். அதுவும் காற்று.

மேனேஜர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றார். பாஷா பாய்க்குப் பதறிவிட்டது.

"சொல்லிட்டான் சார்," என்று குறுக்கே பாய்ந்தார். "சொல்லிட்டான், சொல்லிட்டான்!"